பாதை

வழியைக் குறிக்கும் வடசொல்லினின்று பிறந்த 'பாதை', வழி, நெறி என்னும் தமிழ்ச் சொற்களோடு நெடுங்காலமாகக் கலந்து வழங்கி, இன்று கணினியில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் முகவரியாகவும் அர்த்த விஸ்தாரம் பெற்றிருக்கிறது.

இதன் சூட்சுமம் சிம்பாங் ரெங்கத்தில் வாழும் நமக்கு எளிதில் விளங்கும். மலாய் மொழியில் 'சிம்பாங்' என்றால் சாலை பிரியும் சந்தி; அச்சந்தியில் 'இடப்பக்கம் திரும்புங்கள்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் ஜொகூர் பாருவிலிருந்து வந்தவரா, ஆயர் ஹீத்தாமிலிருந்து வந்தவரா என்பதைப் பொறுத்தே அவர் சேருமிடம் அமையும்.

ஜாவா வலைச்சேவையின் அமைப்புக் கோப்புக்குத் தரப்படும் சார்புப் பாதையும் அத்தகையதே: நிரல் எந்த அடைவிலிருந்து தொடங்கப்பட்டதோ அதையே ஆதாரமாகக் கொண்டு தேடப்படுவதால், எழுதியவர் கணினியில் செம்மையாக ஓடிய சேவை, டாம்கேட் சர்வரில் ஏற்றப்பட்டதும் கோப்பைக் காணாமல் நின்றுவிடக்கூடும். ஆகவே கோப்பை 'வெப்-இன்ஃப்' அடைவின் 'கிளாசஸ்' உள்ளடைவில் வைத்துக் கிளாஸ்பாத் வழியே வாசிப்பதோ, லினக்ஸில் '/' என்னும் மூலத்திலிருந்து தொடங்கும் முழுப்பாதையைத் தொடக்கக் கட்டளையிலேயே கொடுப்பதோ உசிதம்.

சேருமிடத்தோடு புறப்படுமிடத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டிருப்பதே பாதை என்னும் சொல்லின் பூரணமான பொருள்.