டயர் வியாபாரமும் ஊர்ச்சமையலும்: பிரான்சில் உணவுப் பயணம் உருவான கதை

1900 ஆகஸ்டில், பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் டயர் தயாரித்துவந்த மிஷெலின் சகோதரர்கள் ஆந்த்ரேவும் எடுவாரும் சிவப்பு அட்டை போட்ட கையடக்க நூல் ஒன்றை 35,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது அந்நாட்டில் ஓடிய கார்கள் சில ஆயிரமே. பெட்ரோல் எங்கே கிடைக்கும், டயரை எப்படிக் கழற்றி மாட்டுவது, எந்த ஊரில் மெக்கானிக் இருக்கிறார், இரவு எங்கே தங்கலாம் என்பவைதான் அந்த நூலின் விஷயங்கள். எந்த ஊரில் சமையல் நன்றாக இருக்கும் என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை.

சுமார் முப்பது ஆண்டுகளில் அதே நூல், ஒருவேளைச் சாப்பாட்டுக்காகவே நெடுந்தூரம் போகலாம் என்று சொல்லத் தொடங்கியது. கல் பாவிய தெரு, பழைய விடுதி, அந்த ஊருக்கே உரிய கறி, அந்த மண்ணின் ஒயின் என்று ஐரோப்பியச் சிற்றூர்ப் பயணத்தைப் பற்றி இன்று நாம் வைத்திருக்கும் சித்திரம் பெருமளவு இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உருப்பெற்றது. உணவுகளில் பல பழையவை. அவற்றை ஓர் ஊரின் பெயரோடு சேர்த்துக் கட்டி, வெளியூர்க்காரர் முன் வைக்கும் ஏற்பாடுதான் புதியது. பர்கண்டி, லியோன் பகுதிகளில் இந்த மாற்றத்தைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

ரயில் வருவதற்கு முன், பாரிஸிலிருந்து லியோனுக்குப் போகும் நெடுஞ்சாலையில் குதிரை மாற்றும் ஊர்களும் அவற்றின் சத்திரங்களும் செழித்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போடப்பட்டதும் அந்தப் போக்குவரத்து குறைந்து, சத்திரங்கள் களையிழந்தன. அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தது கார். ரயில் பயணி நிலையத்தில்தான் இறங்க முடியும். காரில் வருபவர் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். பர்கண்டியின் சோலியூ என்ற சிற்றூர் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர், அக்காலக் காருக்கு ஒரு நாள் ஓட்டம். அங்கிருந்த கோத் தோர் விடுதியை 1930களின் தொடக்கத்தில் வாங்கிய சமையற்கலைஞர் அலெக்சாந்தர் துமேன், சில ஆண்டுகளிலேயே அதை நாடறிந்த சாப்பாட்டு இடமாக்கினார்.

மிஷெலின் கையேடு 1920இல் விலைக்கு வந்தது. 1926இல் நல்ல சமையலுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் தொடங்கியது. 1931இல் பாரிஸுக்கு வெளியே உள்ள ஊர்களுக்கு இரண்டு, மூன்று நட்சத்திரங்கள் வந்தன. அந்தப் படிநிலையின் பொருளைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இரண்டு நட்சத்திரம் என்றால் வழியிலிருந்து விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்காகவே கிளம்பலாம். ருசியை அளக்கும் கோல் சாலையின் தூரம். கார் கூடுதலாக ஓடினால் டயர் கூடுதலாகத் தேயும் என்ற வியாபாரக் கணக்கு இதற்கு அடியில் இருந்தது உண்மை. ஆனாலும் தலைநகரத்துப் பெரிய ஓட்டல்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண்ணைச் சிற்றூர் அடுப்புகளின் பக்கம் திருப்பியதும் அதே கணக்குதான்.

எழுத்தாளர்களும் துணைக்கு வந்தார்கள். குர்னோன்ஸ்கி என்ற புனைபெயரில் எழுதிய மோரிஸ் எத்மோன் சயான், தன் நண்பர் மார்செல் ரூஃபுடன் சேர்ந்து 1921 முதல் 1928 வரை பிரான்சின் வட்டார உணவுகளைப் பற்றி 28 தொகுதிகள் வெளியிட்டார். பகுதி பகுதியாகச் சென்று, எந்த ஊரில் எந்த விடுதியில் என்ன சாப்பிடலாம் என்று பதிவுசெய்த பெருமுயற்சி அது. வீட்டிலும் சந்தையிலும் மட்டும் அறியப்பட்டிருந்த உணவுகள் அச்சில் ஏறின. 1927இல் உணவு ரசிகர்களின் இளவரசர் என்ற பட்டம் வாக்கெடுப்பின் வழியாக அவருக்குக் கிடைத்தது.

டிஜோன் நகரில் இந்த வேலையைச் செய்தவர் மேயர். 1919இல் பதவிக்கு வந்த கஸ்தோன் ஜெரார், 1921இல் அங்கே உணவுக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கினார். போரின் இழப்புகளிலிருந்து ஊர் மீண்டுகொண்டிருந்த நேரம். பர்கண்டியின் ஒயினுக்கும் சமையலுக்கும் வெளியே ஆள் தேட வேண்டியிருந்தது. 1930இல் பிரெஞ்சு அரசில் சுற்றுலாவுக்கென்று தனிப் பொறுப்பு ஏற்பட்டபோது அது அவரிடமே வந்தது. அவர் பெயரில் ஒரு கோழிக்கறியும் உண்டு. குர்னோன்ஸ்கி விருந்துக்கு வந்த நாளில் ஜெராரின் மனைவி சமைத்துக்கொண்டிருந்த சட்டியில் பாப்ரிகா மிளகாய்த்தூள் தவறிக் கொட்டிவிட, வெள்ளை ஒயினும் க்ரீமும் துருவிய சீஸும் சேர்த்து அவர் சரிக்கட்டினார் என்று டிஜோன்காரர்கள் சொல்கிறார்கள். பர்கண்டி மரபு உணவாக இன்று பரிமாறப்படும் அந்தக் கறிக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை.

இந்த வரலாற்றில் மேயர்களும் எழுத்தாளர்களும் நிறையப் பேசப்பட்டுவிட்டார்கள். அடுப்படியில் நின்ற பெண்களுக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை என்பது பெரிய குறை. லியோனில் பணக்காரக் குடும்பங்களுக்குச் சமைத்துப் பழகி, பிறகு சொந்தமாகக் கடை போட்ட பெண்களை ஊரார் அம்மா என்றே அழைத்தார்கள். அவர்களில் தலைசிறந்தவர் யூஜெனி பிராசியே. 1895இல் பிரெஸ் பகுதியின் பண்ணைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பத்து வயதில் தாயை இழந்தார். திருமணமாகாமல் குழந்தை பெற்றதால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, லியோனுக்கு வேலைக்கு வந்தார். பெயர்பெற்ற ஃபியூ அம்மாவின் சமையலறையில் வேலை பார்த்தபின், 1921இல் ருவாயால் தெருவில் சிறிய உணவகம் ஒன்றைத் திறந்தார்.

அவர் புகழ் ஒரு கோழியில் நின்றது. பிரெஸ் பகுதிக் கோழியின் தோலை விரலால் மெல்ல நெகிழ்த்தி, சதைக்கும் தோலுக்கும் நடுவே கறுப்பு டிரஃபிள் காளானின் வட்டத் துண்டுகளைச் செருகி, கேரட்டும் லீக்கும் போட்ட சாற்றில் கொதி அடங்கிய சூட்டில் வேகவைப்பார்கள். வெந்ததும் வெளிறிய தோலுக்குள்ளே கறுப்பு வட்டங்கள் தெரியும். கோழி மூன்றாந்தரமானால் இந்தச் சமையலில் அதை எதைக் கொண்டும் மறைக்க முடியாது. நகரத்துக்கு வெளியே கோல் தெ லா லுவேர் மலையிலும் அவர் ஓர் உணவகம் நடத்தினார். 1933இல் இரண்டுக்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற போல் பொக்யூஸ் இளம்வயதில் அவரிடம் வேலை கற்றவர்.

இவ்வளவும் கார் வைத்திருந்தவர்களின் உலகம். 1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கி, ரயில் கட்டணச் சலுகையும் தந்தபோது, அவர்கள் சைக்கிளிலும் ரயிலிலும் கிளம்பினார்கள். நட்சத்திர உணவகங்கள் அவர்களுக்கு எட்டாதவை. ஊர்ச்சாப்பாட்டுக்காகப் பயணம் போவது நடுத்தரக் குடும்பங்களின் பழக்கமானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கார் பரவிய காலத்தில்தான். அதே கார்களுக்காகப் போடப்பட்ட விரைவுச்சாலை பின்னர் சோலியூ போன்ற ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போனது.

ஊர்ப்பெயர் புகழ்பெற்றதும் அதை யார் பயன்படுத்தலாம் என்ற சச்சரவு எழுந்தது. ஒயினுக்கு 1935இல் பிறப்பிடப் பெயரைக் காக்கும் சட்டம் வந்தது; பிரெஸ் கோழிக்கு அந்தக் காப்பு 1957இல் கிடைத்தது. டிஜோன் கடுகு விழுதின் நிலைமை வேறு. 1937இல் வந்த ஆணை அதன் செய்முறையை மட்டும் வரையறுத்தது. எங்கே செய்தாலும் அந்தப் பெயரை வைக்கலாம். விதையில் பெரும்பகுதி கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2021இல் கனடாவைக் கடும் வெப்பமும் வறட்சியும் தாக்க, அடுத்த கோடையில் டிஜோன் உட்பட பிரான்ஸ் முழுவதும் கடை அலமாரிகளில் கடுகு விழுது இல்லாமல் போனது. அதன்பின் ஆலைக்காரர்கள் உள்ளூர் விதைக்குக் கூடுதல் விலை தர முன்வந்தார்கள். பர்கண்டி விவசாயிகளும் கடுகு விதைக்கும் பரப்பைக் கூட்டினார்கள்.