மாளிகையும் குடிக்கூலி வீடும்

சரித்திரம் என்ற மாத்திரத்தில் நம்மவருட் பெரும்பாலோர் மனக்கண்முன் தோன்றுவன அரண்மனைகளும், கோட்டைகளும், அரசர் பெயர் வரிசைகளுமே ஆகும். மன்னன் துயின்ற கட்டிலைக் காசு கொடுத்துப் பார்த்து வியக்கின்றோம். அக்கட்டிலைக் கடைந்த தச்சன் இரவில் எங்கே உடல் சாய்த்தான் என்று கேட்பாரைக் காணோம். ஆண்டவன் வாழ்ந்த இடம் சரித்திரம், உழைத்தவன் வாழ்ந்த இடம் குப்பைமேடு என்னும் எண்ணம் நம்முள் வேரூன்றியது எங்ஙனம்? பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன், மற்றொருவன் தாழ்ந்தவன் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட சமூகத்தில், வீடுகளுக்கும் அத்தகைய உயர்வு தாழ்வு கற்பிக்கப்பட்டதில் வியப்பில்லை அன்றோ!

ஆயினும், எந்த வீடும் தானாக நிலைத்து நிற்பதன்று. மழையும் கறையானும் மன்னன் வீடு, குடியானவன் வீடு என்று பாகுபாடு செய்வதில்லை. ஆண்டுதோறும் கூரையைச் செப்பனிடுவோரும், சுவருக்குப் பூச்சுப் பூசுவோரும், அதற்குப் பொருள் ஈவோரும் இருந்தாலன்றி, எத்துணைப் பெரிய மாளிகையும் சில தலைமுறைகளில் இடிந்து வீழும். ஆகவே, ஒரு பழைய வீடு இன்று நிற்கின்றதென்றால், அதனை நிற்கவைக்க விரும்பிய மக்கள் சிலர் உளர் என்பதே பொருள். அம்மக்கள் யார்? யாருடைய நினைவைக் காக்க அவர்கள் முன்வந்தனர்? யாருடைய நினைவை மறந்தனர்? இவ்வினாக்களை அமெரிக்க ஐக்கிய நாட்டிலுள்ள இரண்டு வீடுகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். இரண்டும் இன்று பொருட்காட்சிச்சாலைகளாக விளங்குகின்றன. ஒன்று அந்நாட்டின் முதல் தலைவர் வாழ்ந்த மாளிகை. மற்றொன்று ஏழைகள் வாடகைக்குக் குடியிருந்த குடிக்கூலி வீடு.

வர்ஜீனியா மாகாணத்தில் போட்டோமக் ஆற்றங்கரையில் அமைந்தது மவுண்ட் வெர்னன் மாளிகை. ஜார்ஜ் வாஷிங்டன் 1799-ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார். அவருக்குப்பின் அது உறவினர் கைக்கு மாறி மாறிச் சென்றது. வருவாய் சுருங்கிற்று, ஆற்றை நோக்கிய நெடிய முகப்புத் தாழ்வாரம் சாய்ந்துவிடாதபடி மரக்கம்பங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தும் நிலை வந்துற்றது. 1853-ஆம் ஆண்டில் நீராவிக் கப்பலில் அவ்வழிச் சென்ற லூயிசா கன்னிங்காம் என்னும் அம்மையார் அக்கோலத்தைக் கண்டு மனம் நொந்து, தம் மகள் ஆன் பமீலாவுக்குக் கடிதம் எழுதினார். நாட்டின் ஆடவர் இதனைக் காவாவிடின் பெண்டிர் ஒன்றுகூடி ஏன் காத்தல் கூடாது என்பதே அக்கடிதத்தின் கருத்து.

மகளோ இளமையில் குதிரையினின்று வீழ்ந்து அடிபட்டு, நோயாளியாகவே காலங்கழித்தவர். அவர் பத்திரிகை வாயிலாகப் பெண்டிர்க்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். மத்திய அரசாங்கமும் வர்ஜீனியா அரசாங்கமும் மாளிகையை வாங்க முன்வரவில்லை. பெண்டிர் தாமே ஒரு சங்கம் கண்டு, மாகாணந்தோறும் பொறுப்பாளரை அமர்த்திப் பணம் திரட்டினர். எட்வர்டு எவரெட் என்னும் பேர்பெற்ற சொற்பொழிவாளர் ஊர் ஊராகப் பேசி ஏறத்தாழ 69,000 டாலர் சேர்த்தளித்தார். 1858-இல் 200,000 டாலருக்கு விலை பேசப்பட்டு, 1860-இல் மாளிகை சங்கத்தின் கைக்கு வந்தது. அந்நாட்டுப் பெண்டிர்க்கு நாடு முழுதும் வாக்குரிமை கிடைத்தது 1920-ஆம் ஆண்டிலேதான் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. வாக்குரிமை அற்றவர்கள், அரசாங்கங்கள் கைவிட்ட வீட்டைக் காத்தனர்! இன்றளவும் அச்சங்கமே, காண வருவோர் தரும் கட்டணத்தையும் அன்பர் நன்கொடையையும் பெரிதும் நம்பி, அதனை நடத்தி வருகின்றது. பொதுக் காரியம் ஆற்றப் பெண்களுக்குத் திறமில்லை என்று பேசுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

இவ்வளவும் பாராட்டத் தக்கதே. ஆனால், இம்மாளிகையின் கதையில் மறைக்கப்பட்ட ஒரு பாகம் உண்டு. வாஷிங்டன் இறந்த ஆண்டில் அப்பண்ணையில் 317 கறுப்பு இன மக்கள் அடிமைகளாக இருந்தனர். நிலத்தை உழுதவரும், அடுப்பெரித்தவரும், ஆற்றில் மீன் பிடித்தவரும் அவர்களே. மாளிகையைக் காத்த சங்கமோ நெடுங்காலம் தலைவரின் பெருமை ஒன்றையே பேசிற்று. பெயர் பொறியாத புதைகுழிகள் நிறைந்த அடிமைகளின் இடுகாட்டில் 1929-இல் ஒரு கல் நாட்டப்பெற்றது. அதிலும் அடிமை என்ற சொல் இல்லை. அவர்கள் வாஷிங்டன் குடும்பத்தின் விசுவாசமிக்க ஊழியர் என்றே பொறிக்கப்பட்டனர். கூலி பெறாதவன் ஊழியனாம்! விலை கூறப்பட்டவன் விசுவாசியாம்! 1983-ஆம் ஆண்டில்தான் ஹோவார்டு சர்வகலாசாலை மாணவர் வரைந்த அமைப்பின்படி அவர்களுக்கென ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. 2016-இல் அவ்வடிமைகளின் வாழ்க்கையையே பொருளாகக் கொண்ட காட்சி ஒன்று அங்கே திறக்கப்பட்டது. அவர் வழித்தோன்றல்களின் குரலுக்கும் அதில் இடம் கிடைத்தது. மாளிகை சங்கத்தின் கைக்கு வந்து 156 ஆண்டுகளுக்குப் பின்னர்! சுவரைக் காத்தல் வேறு, சுவருக்குள் நடந்த உண்மையைக் காத்தல் வேறு என்பது இதனால் விளங்கும்.

நிற்க. இனி இரண்டாவது வீட்டிற்குச் செல்வோம்.

நியூயார்க்கு நகரத்தின் கீழைப் பகுதியில், ஆர்ச்சர்டு வீதியில், 97-ஆம் எண்ணுள்ள செங்கல் வீட்டை 1863-இல் கட்டுவித்தவர் லூகாஸ் கிளாக்னர் என்னும் தையற்காரர், ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். குடும்பம் ஒன்றுக்கு மூன்று சிறு அறைகள். மூன்றும் சேர்ந்து 325 சதுர அடி. அவற்றுள் முன்னறை ஒன்றிற்கே வெளிக்காற்றும் வெளிச்சமும் உண்டு. ஆதியில் தண்ணீரும் கக்கூசும் பின்முற்றத்தில் இருந்தன. தாய்மார் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறவேண்டும். 1901-இல் வந்த சட்டத்தின் பயனாகவே பின்னர் இரண்டு குடும்பத்துக்கு ஒரு கக்கூசு வீட்டினுள் வந்தது. 1863 முதல் 1935 வரை, இருபதுக்கு மேற்பட்ட நாடுகளினின்று பிழைப்புத் தேடி வந்தோர் ஏறத்தாழ 7,000 பேர் அவ்வொரு வீட்டில் வாழ்ந்தனர். 1935-இல் புதிய விதிகளின்படி கட்டடத்தைத் திருத்திச் செலவிட மனமில்லாத உரிமையாளர், குடிகளை வெளியேற்றி மேல்மாடிகளை அடைத்துவிட்டார். கீழே கடைகள் மட்டும் நடந்தன.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1988-ஆம் ஆண்டில் ரூத் ஏப்ரம், அனிட்டா ஜேக்கப்சன் என்னும் இரு மாதர், குடியேறிய ஏழைகளின் வாழ்வைக் காட்டும் ஒரு பொருட்காட்சிச்சாலைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தனர். வாடகைக்கு விடப்படவிருந்த கடையைப் பார்க்கச் சென்ற இடத்தில், பின்னே இருந்த நடைவழியும் பழைய மாடிப்படியும் கண்ணிற்பட்டன. மேலே, குடியிருந்தோர் அன்று விட்டுச்சென்ற அறைகள் அவ்வாறே கிடந்தன. தேடிய பொருள் காலடியிலேயே கிடைத்தது. முதற் குடும்பத்தின் அறைகள் 1992-இல் காட்சிக்குத் திறக்கப்பட்டன. 1994-இல் அவ்வீடு தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1996-இல் பொருட்காட்சிச்சாலையே கட்டடத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஏழையின் சரித்திரத்தை எங்ஙனம் அறிவது? அவன் கல்வெட்டு வெட்டி வைத்தவனல்லன். ஆராய்ச்சியாளர் குடிக்கணக்கு ஏடுகளையும், நகர முகவரிப் புத்தகங்களையும், நீதிமன்றப் பத்திரங்களையும் புரட்டினர். சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்த வண்ணக் காகிதங்களைப் படலம் படலமாக எண்ணினர். அவ்வழியே நத்தாலி கம்பெர்ட்ஸ் என்னும் பெண்மணியின் வாழ்வு வெளிப்பட்டது. 1874-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் வேலைக்கென்று புறப்பட்ட அவர் கணவர் ஜூலியஸ் திரும்பவில்லை. குழந்தைகளுடன் தனித்து நின்ற அவ்வம்மையார், தையற்றொழில் செய்து குடும்பத்தைக் காத்தார். கணவருக்குத் தந்தை வழியாக 600 டாலர் வரவேண்டியிருந்தது. அதனைப் பெறும்பொருட்டு, அவரை இறந்தவராகக் கருதவேண்டும் என்று 1883-இல் நீதிமன்றத்தில் மனுச் செய்துகொண்டார். அந்த மனு இருந்தமையாலேயே நத்தாலியின் கதை நமக்குக் கிடைத்தது. கணவன் கைவிட்டுச் சென்ற பின்னும் தலைநிமிர்ந்து வாழ்ந்த ஒரு தையற்காரியின் அறையைக் காண, இன்று பல நாட்டு மக்கள் கட்டணம் கொடுத்துக் காத்திருக்கின்றனர்.

ஏடுகள் மட்டும் போதா. வாழ்ந்தவர் வாய்ச்சொல்லும் வேண்டும். சிசிலித் தீவிலிருந்து வந்த பால்டிசி குடும்பம் 1935-இல் அவ்வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களுள் ஒன்று. அப்பொழுது சிறுமியாயிருந்த ஜோசபின், முதுமையில் பொருட்காட்சிச்சாலையாருடன் தொடர்பு கொண்டு தம் நினைவுகளைச் சொன்னார். தச்சரான தந்தை வேலையின்றித் தவித்ததும், தாய் தரையை ஓயாது துடைத்து மினுங்க வைத்ததும் அவர் வாய்மொழியால் அறியக் கிடந்தன. அவருடைய குரலைப் பதிவு செய்து அவ்வறையிலேயே கேட்பித்தனர். வெளியேற்றப்பட்ட சிறுமி, அறுபது ஆண்டுகளுக்குள் அதே வீட்டின் ஆசிரியை ஆனாள்!

இன்னுமொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. 1869-ஆம் ஆண்டில் அவ்வீட்டில் ஜோசப் மூர் என்னும் ஐரிஷ்காரர் குடியிருந்தார். விடுதிகளில் பரிமாறும் தொழிலினர். பழைய முகவரிப் புத்தகத்தில் அவர் பெயரை அடுத்து அதே பெயரும் அதே தொழிலும் உடைய மற்றொருவர் காணப்பட்டார். அவர் பெயருக்குப் பக்கத்தில் கறுப்பர் என்பதைக் குறிக்கும் அடையாளம் இடப்பட்டிருந்தது. அவர் அவ்வீட்டில் வாழ்ந்தவரல்லர். எனினும், இவருடைய கதை எங்கே என்ற கேள்வியைப் பொருட்காட்சிச்சாலையார் புறக்கணிக்கவில்லை. ஆராய்ந்து, அக்கறுப்பரான ஜோசப் மூர், அவர் மனைவி ரேச்சல் ஆகியோர் வாழ்வைக் காட்டும் அறைகளை 2023-இல் அமைத்தனர். ஒரே பெயர், ஒரே தொழில், ஒரே பக்கம். நிறம் ஒன்றே இருவரையும் பிரித்தது. சாதியின் பெயரால் பிரிக்கப்பட்ட நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

இனி, இவ்வீடு அக்கம்பக்கத்தாரோடு உறவு பூண்ட வகையைக் கூறுவோம். அப்பகுதியில் முன்பு ஜெர்மானியரும், ஐரிஷ்காரரும், யூதரும், இத்தாலியரும் வந்தேறினர். பின்னர்ச் சீனரும் போர்ட்டோரிக்கரும் வந்தனர். முன்வந்தோர் கதையைக் கொண்டே, புதிதாக வந்து ஆங்கிலம் பயில்வோர்க்கு அங்கே பாடம் நடத்தப்பட்டது. 2007-இல் அருகிலுள்ள 103-ஆம் எண் கட்டடமும் வாங்கப்பட்டது. 2017-இல் அங்கே, இரண்டாம் உலக யுத்தத்தின் கொடுமைக்குத் தப்பிய யூதக் குடும்பம், போர்ட்டோரிக்கக் குடும்பம், சீனக் குடும்பம் ஆகிய மூன்றன் வாழ்வு காட்சியாயிற்று. பழைய வீடு புதுக் குடிகளுக்கு அந்நியமாயிராமல், எங்கள் கதையும் இங்குண்டு என்று சொல்லத் தக்கதாயிற்று.

ஆயினும் இடர்ப்பாடுகள் இல்லாமல் இல்லை. குறுகிய மாடிப்படியும் பழைய தளமும் பெருங்கூட்டத்தைத் தாங்கா; ஆதலின் சிறு சிறு குழுவாகவே வழிகாட்டியுடன் அழைத்துச் செல்கின்றனர். வருவோர் மிகுந்தால் வீடு தேய்கின்றது. வருவோர் குறைந்தால் வருவாய் தேய்கின்றது. 2020-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவிக் கதவுகள் மூடப்பட்டபோது, கட்டண வருவாய் நின்று பணியாளர் பலர் வேலை இழந்தனர். உழைப்பாளர் சரித்திரத்தை எடுத்துரைத்தவர்களே உழைப்பின்றி நின்ற அந்நிலை, கட்டணம் ஒன்றையே பெரிதும் நம்பி நிற்கும் ஸ்தாபனத்தின் வலுக்குறைவைக் காட்டிற்று.

இவ்விரு வீடுகளாலும் நாம் அறிவது யாது? அரசாங்கம் வரட்டும், செல்வர் வரட்டும் என்று காத்திருந்தால் வீடு விழுந்துவிடும். அக்கறை கொண்ட சிலர் தொடங்கினால் பலர் பின்வருவர். ஆனால், காப்பவர் தமக்கு விருப்பமான பகுதியை மட்டும் காத்து மற்றதை மூடி வைத்தால், அவ்வீடு பாதி வீடே. எவர் கதை அங்கே சொல்லப்படுகின்றதோ, அவர்தம் மக்கள் அதனுள் உரிமையுடன் நுழைந்து பேசும்பொழுதே அது முழு வீடு ஆகின்றது.

இது மேனாட்டார்க்கு மட்டும் உரிய காரியமன்று. இலங்கை மலைநாட்டில் கம்பளைக்கு அருகே, தேயிலைத் தோட்டத்துப் பழைய லயன் வீடுகளையே தொழிலாளர் பொருட்காட்சிச்சாலையாக 2007-ஆம் ஆண்டில் திறந்தனர். நம் முன்னோர் எந்தத் தமிழகத்துக் கிராமங்களினின்று கங்காணியின் பின்னே கப்பலேறினரோ, அத்தகைய கிராமங்களினின்றே அவர்களும் சென்றவர்கள். அவர்கள் புழங்கிய பாத்திரங்களும் வேலைக் கருவிகளும் அங்கே சரித்திரப் பொருள்களாக மதிக்கப்பெறுகின்றன.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் சகோதர சகோதரிகளே! இந்நாட்டிலும் பழைய லயங்கள் பல இடிந்து மறைந்தன. இடிந்ததை எழுப்புவது அரிது. ஆயின் நத்தாலியின் கதை மீண்டது கல்லினாலன்று, ஒரு காகிதத்தினால். பால்டிசி குடும்பத்தின் கதை மீண்டது ஒரு மூதாட்டியின் சொல்லினால். நம் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் சம்பளச் சீட்டும், கப்பற் சீட்டும், மங்கிய புகைப்படமும் குப்பையல்ல. பாட்டி சொல்லும் பழங்கதை வீண் பேச்சுமல்ல. அவற்றைப் போற்றி, இன்னார், இன்ன ஊர், இன்ன ஆண்டு என்று இன்றே எழுதி வைப்போமாக. எங்கள் பாட்டன் பால்மரம் வெட்டினான், இந்த லயத்தில் வாழ்ந்தான் என்று நாணாமல் சொல்லும் பிள்ளைகள் இருப்பின், அவ்வீட்டைக் காக்கும் மக்களும் தாமே தோன்றுவர்.