ஐந்து மணிக்கு எழுப்புவது யார் வேலை?

பொட்டிப்புரத்தில் கடிகாரம் காலை ஐந்து மணி காட்டும்போது, சூரியக் கணக்குப்படி அங்கே மணி ஏறக்குறைய 4.39 தான்! காலையில் எழப் பிடிக்காதவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு வேறென்ன வேண்டும்?

காரணம் எளிது. 1906 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியத் திட்ட நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. தேனி மாவட்டத்தில் மேற்கு மலையடிவாரத்தில் இருக்கும் பொட்டிப்புரம் (ஆமாம், நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் செய்திகளில் அடிபட்ட அதே ஊர்தான்) சுமார் 77.3 டிகிரியில் இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 21 நிமிட வித்தியாசம். அதற்கு முன் ரயில்வே பயன்படுத்திய சென்னை நேரம் இன்றைய நேரத்தைவிட 9 நிமிடம் பின்தங்கியது. அதாவது அந்த நேரம் இந்த ஊர்ச் சூரியனுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருந்தது.

ஆனால் மணி பார்த்து எழும் வழக்கமே புதிது. தொல்காப்பியம் நாளைச் சிறுபொழுதுகளாகப் பிரித்து, வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு வைகறையையும் விடியலையும் கொடுத்திருக்கிறது. 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் நெல் செழித்த கம்பம் பள்ளத்தாக்குக்கு இது அப்படியே பொருந்தும். உழவு என்றால் விடியலுக்கு முன் எழுந்தாக வேண்டும்.

சரி, அவ்வளவு சீக்கிரம் அவர்களை யார் எழுப்பினார்கள்? இதில்தான் சுவாரஸ்யம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அரசன்கூடத் தானாக எழுந்ததாகத் தெரியவில்லை. தூங்கும் மன்னனைச் சூதர்கள் பாடி எழுப்புவதற்குத் தொல்காப்பியத்தில் 'துயிலெடை நிலை' என்று தனித்துறையே உண்டு. பாசறையில் நாழிகை வட்டிலைப் பார்த்து மன்னனுக்குப் பொழுது சொன்ன ஆட்களை முல்லைப்பாட்டு காட்டுகிறது. வருசநாட்டு மலைக்கு அந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் பாடிய திருப்பாவையின் 30 பாசுரங்களில் 6 முதல் 15 வரை பத்துப் பாசுரங்கள் முழுக்கத் தூங்கும் தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்புவதுதான். எழ மறுப்பவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள்... மூன்றில் ஒரு பங்குப் பாட்டு அவர்களுக்கே செலவாகியிருக்கிறது!

ஆக, எழுப்புவது கூட்டத்தின் வேலையாக இருந்தது. கோழி, கோயில் மணி, பக்கத்து வீட்டு வாசல் தெளிக்கும் சத்தம், "கிளம்பலையா?" என்று வாசலில் நின்று கூப்பிடும் குரல். பின்னால் மில் சங்கு வந்தது. இங்கிலாந்தின் தொழிற்சாலை நகரங்களில் நீளக் குச்சியால் ஜன்னலைத் தட்டி எழுப்பவே கூலிக்கு ஆள் இருந்தார்கள். கடைசியாக அலாரம் கடிகாரம் தலைமாட்டுக்கு வந்தது. எழுப்பும் பொறுப்பு முழுவதும் தூங்குகிறவர் தலையிலேயே விழுந்தது. எழாவிட்டால் திட்டும் அவருக்கு மட்டும்தான். இது நியாயமான ஏற்பாடாகப் படவில்லை.

இதை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. பொட்டிப்புரத்திலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற விலங்கியல் பேராசிரியர் இருந்தார். உயிர்க் கடிகாரம் பற்றிய ஆராய்ச்சியில் இந்திய முன்னோடி. மதுரைக்கு அருகே ஒரு குகையில் வாழும் பூச்சி தின்னும் வௌவால்களை அவரும் மாரிமுத்து முதலிய மாணவர்களும் 1970-களின் பிற்பகுதியில் ஆராய்ந்தார்கள். குகையின் உட்புறம் எப்போதும் கும்மிருட்டு. பகலா இரவா என்றே தெரியாது. அங்கே கூண்டில் அடைக்கப்பட்ட வௌவால், சுற்றிலும் கூட்டம் இருக்கும்வரை, கூட்டம் இரைதேடக் கிளம்பும் நேரத்தை ஒட்டியே தானும் சுறுசுறுப்பாகியது. கூட்டமே இல்லாத குகையில் தனியாக வைத்தபோது அதன் நேரம் நாளுக்கு நாள் விலகிப்போனது. வெளிச்சத்தைப் பார்க்காத வௌவாலுக்குக் கூட்டமே கடிகாரம்!

மனிதர்களுக்கு வெளிச்சம்தான் முதல் கடிகாரம். பிரான்ஸின் மிஷேல் சிஃப்ர் 1962-ல் இரண்டு மாதம் குகைக்குள் தனியாக இருந்தார். வெளியே செப்டம்பர் 14 ஆகியிருந்தபோது அவர் கணக்கில் ஆகஸ்ட் 20 தான். மதுரைப் பல்கலைக்கழகத்திலும் ஆட்களைக் கடிகாரமில்லாத அறையில் தனித்திருக்க வைத்து ஆராய்ந்தார்கள். உடலின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுகிறது. தினமும் காலை வெயில் பிடித்திழுக்காவிட்டால் பின்னாலேயே போகும். இருபது வயதையொட்டி அது மிகவும் பின்தள்ளி நிற்கிறது என்பதும் தெரியவந்திருக்கிறது. (கல்லூரி விடுதிகளில் கேட்டால் ஆராய்ச்சி இல்லாமலே சொல்வார்கள்.) இந்தக் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைப் பழ ஈக்களில் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மறுபடி பொட்டிப்புரம். அங்கே சூரியன் உதிப்பது மே மாதக் கடைசியில் ஆறு மணியை ஒட்டி, ஜனவரிக் கடைசியில் 6.45 வாக்கில். ஐந்து மணிக்கு அலாரம் வைத்து டியூப்லைட் அடியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருபவருக்குக் கிடைப்பது சில நூறு லக்ஸ் வெளிச்சம். விடிந்தபின் எழுந்து, தினமும் அதே நேரத்தில், பால் வாங்கவோ நடக்கவோ வெளியே போகிறவருக்கு ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. மார்கழியில் மட்டும் எல்லோரும் இருட்டிலேயே எழுந்துவிடுகிறார்கள். அந்த மாதம் தெருவில் பஜனை கோஷ்டி வருகிறது, கோலம் போடப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கூப்பிடுகிறார்கள்.