கட்டைவிரலுக்குள் மறைந்த பூமி

1969இல் மனிதன் சந்திரனில் கால் வைத்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஏழு மாதம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1968 டிசம்பர் 21ஆம் நாள் போர்மன், லவல், ஆண்டர்ஸ் ஆகிய மூவரும் அப்போலோ 8 விண்கலத்தில் புறப்பட்டனர். சந்திரனை அடைந்து, இறங்காமலேயே பத்துமுறை சுற்றினர். சந்திரனின் பள்ளங்களைப் படம் பிடிப்பதுதான் ஆண்டர்ஸின் முக்கிய வேலை. முதல் மூன்று சுற்றிலும் பூமி அவர்கள் கண்ணில் படவில்லை. நான்காம் சுற்றில் போர்மன் கலத்தைத் திருப்பினார், பாருங்க! சாம்பல் நிறத் தரைக்கு மேலே நீலமாகப் பூமி எழுந்தது. ஆண்டர்ஸ் காமிராவிலோ கறுப்பு வெள்ளை பிலிம்! அதில் ஒரு படம் எடுத்துவிட்டு, கலர் பிலிமுக்கு அவசரம் அவசரமாகக் கை நீட்டினார். லவல் தேடிக் கொடுத்தார். இன்று நாம் பார்க்கும் வண்ணப்படம் அப்படித்தான் கிடைத்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் அந்தக் காட்சி தவறிப்போயிருக்கும்.

லவல் சன்னலுக்கு நேரே கட்டைவிரலை நீட்டிப் பார்த்தாராம். ஏறக்குறைய 380,000 கிலோமீட்டர் தூரம் அல்லவா? பூமி முழுசும் விரலுக்குப் பின்னால் மறைஞ்சே போச்சு! அவருடைய வீடு, நம்ம ஊர், கடல், மலை எல்லாம் அதற்குள்தான். அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த வியட்நாம் போரும் அதற்குள்தான்.