டைட்டில் கார்டுல யார் பேரு? வசனகர்த்தா கருணாநிதியின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சு நடை கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

கணியூர்ல இருந்து பேசறேன். எந்தக் கணியூர்னு கேட்டா, கோயம்புத்தூர்ல இருந்து அவினாசி போற வழியில டோல்கேட் இருக்கே, அந்தக் கணியூர். இந்தப் பக்கம் சோமனூர் விசைத்தறி, அந்தப் பக்கம் திருப்பூர் பனியன் கம்பெனி. இங்க தைக்கற டீ-ஷர்ட்டுல லேபிள் வேற நாட்டுக் கம்பெனி பேர்ல இருக்கும். பவர் டேபிள்ல உட்கார்ந்து தைச்சவங்க பேரு எங்கேயும் இருக்காது. அது நமக்கெல்லாம் பழகிப்போன விஷயம்.

இன்னைக்கு நாம பேசப்போறதும் பேரு பத்தித்தான். சினிமா டைட்டில் கார்டுல தன் பேரு வராததால மனசு உடைஞ்சு, இதே கோயம்புத்தூரை விட்டுக் கிளம்பின ஒரு இளைஞர். நாலே வருஷத்துல, அவர் பேரைப் பார்த்துத்தான் ஜனங்க டிக்கெட் வாங்கினாங்க. அவர் மு. கருணாநிதி. முதலமைச்சர் கருணாநிதியை உங்களுக்குத் தெரியும். நாம பேசப்போறது நாடக ஆசிரியர், வசனகர்த்தா கருணாநிதியைப் பத்தி.

திருவாரூர்ல இருந்து ஈரோடு

1924ல திருக்குவளையில பிறந்தவர். 1938ல முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடக்கறப்ப அவருக்கு 14 வயசு. திருவாரூர் தெருக்கள்ல பையன்களைச் சேர்த்துக்கிட்டு ஊர்வலம் போனார். ‘மாணவ நேசன்’னு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 1942ல ‘முரசொலி’யைத் துண்டறிக்கையா ஆரம்பிச்சார். அப்ப அவர் வச்சுக்கிட்ட புனைபெயர் ‘சேரன்’.

நாடகத்துக்கு வந்ததும் அரசியல் வழியாத்தான். முதல் நாடகம் ‘பழனியப்பன்’. இன்னைக்கு ஒரு கட்சிக்கு இன்ஸ்டாகிராம் ரீல் எப்படியோ, அன்னைக்கு நாடகம் அப்படி. ரேடியோ அரசாங்கத்தோட கையில. பத்திரிகையைப் படிக்க எழுத்து தெரியணும், அப்ப பெரும்பாலான ஜனங்களுக்கு அது தெரியாது. ஒரு கொட்டகை, நாலு பெட்ரோமாக்ஸ் லைட்டு, நல்ல குரல் இருந்தா போதும், ஊரையே உட்கார வைக்கலாம். அண்ணா ‘சந்திரோதயம்’ எழுதினதும், ‘வேலைக்காரி’ எழுதினதும் இதே காரணத்துக்குத்தான்.

ஆனா அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. 1945ல பாண்டிச்சேரியில திராவிடர் கழக மாநாடு. கருணாநிதி தன் நாடகத்துல தானே நடிச்சுக்கிட்டிருந்த நேரம். எதிர்த்தரப்பு ஆட்கள் அவரை அடிச்சு, செத்துட்டார்னு நினைச்சு சாக்கடை ஓரமா போட்டுட்டுப் போனாங்க. அப்புறம் பெரியாரே காயத்துக்கு மருந்து போட்டு, “ஈரோட்டுக்கு வந்துடு”ங்கற மாதிரி கூட்டிட்டுப் போனார்னு தன்வரலாறான ‘நெஞ்சுக்கு நீதி’யில எழுதியிருக்கார். அப்படித்தான் ‘குடிஅரசு’ பத்திரிகையில துணை ஆசிரியர் வேலை கிடைச்சது. நம்ம கொங்கு மண்ணுக்கு அவர் வந்து சேர்ந்த கதை இதுதான். கையில கட்டோட வந்தார்னு வச்சுக்கலாம்.

சிங்காநல்லூர், 1947

இப்ப கூகுள் மேப்பைத் திறங்க. எங்க ஊர்ல இருந்து மேற்கால பைக்ல போனா அரை மணி நேரத்துல சிங்காநல்லூர். அங்கதான் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்துச்சு. அந்தக் காலத்துல தமிழ் சினிமான்னா சென்னை மட்டும் இல்லை. கோவையில சென்ட்ரல், பட்சிராஜான்னு ரெண்டு பெரிய ஸ்டூடியோ. சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ். இதே தேசிய நெடுஞ்சாலை 544-ஐப் பிடிச்சு இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் போனா, ஒரு சினிமா உலகமே முடிஞ்சிடும்.

ஜூபிடர் பிக்சர்ஸ் ‘ராஜகுமாரி’ எடுக்கறாங்க. டைரக்டர் ஏ.எஸ்.ஏ. சாமி. ஹீரோவா எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். அதுக்கு வசனம் எழுத ஈரோட்டுல இருந்து ஒரு 22 வயசு இளைஞரைக் கூப்பிடறாங்க. பெரியார்கிட்ட அனுமதி வாங்கிக்கிட்டு கருணாநிதி கோவைக்கு வந்தார்.

1947ல படம் வந்தது. வசனத்துக்கான பேரு டைரக்டருக்கு. கருணாநிதி பேரு, உதவி செஞ்சவர்ங்கற இடத்துல. சரி, முதல் படம், போகட்டும்னு விட்டிருக்கலாம். 1948ல அடுத்த படம் ‘அபிமன்யு’. வசனம் எழுதினது அவர். டைட்டில்ல அவர் பேரே இல்லை. கோவை வேணாம்னு திருவாரூருக்குத் திரும்பிட்டார்.

இதை ஒரு ஈகோ பிரச்சினையா மட்டும் பார்க்கக் கூடாதுன்னு நான் நினைக்கறேன். ஒரு வியாபார எழுத்தாளருக்குப் பேரு போனா, அடுத்த சம்பளம் குறையும். ஒரு அரசியல் எழுத்தாளருக்குப் பேரு போனா, எழுதினதோட பாதி வேலையே போச்சு. ஏன்னா, வசனத்துல இருக்கற கருத்து எந்த இயக்கத்தோடதுன்னு சொல்றதே அந்தப் பேருதான்.

சேலம்: குண்டலகேசி சினிமாவானது

திரும்ப வந்தவர் சும்மா இல்லை. நாடகம் எழுதினார். ‘தூக்குமேடை’யில எம்.ஆர். ராதா நடிச்சார். ‘கலைஞர்’ங்கற பட்டத்தைக் கொடுத்தது ராதாதான். இன்னொரு நாடகம் ‘மந்திரிகுமாரி’. அதோட கரு, ஐம்பெருங்காப்பியங்கள்ல ஒண்ணான குண்டலகேசியில இருந்து எடுத்தது. தன்னைக் கொல்லத் திட்டம் போட்டு மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போற புருஷனை, மனைவியே கீழ தள்ளிவிடற கதை. அந்தப் பழைய கதைக்குள்ள ஒரு ராஜகுருவையும் அவரோட மகனையும் வச்சார். மகன் ராத்திரியில கொள்ளைக்காரன், பகல்ல அரண்மனையில பெரிய மனுஷன். அரசனையே ஆட்டி வைக்கற அந்த ராஜகுரு யாரைக் குறிக்கறார்னு அன்னைக்குக் கொட்டகையில உட்கார்ந்திருந்தவங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கலை.

கவிஞர் கா.மு. ஷெரீப் மூலமா மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தோட அறிமுகம் கிடைச்சது. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் டைரக்ட் பண்ண, 1950ல ‘மந்திரிகுமாரி’ வந்தது. எம்.ஜி.ஆரைத்தான் போடணும்னு கருணாநிதி சொல்ல, அவரோட தாடையில பள்ளம் இருக்கேன்னு சுந்தரம் தயங்க, கடைசியில குறுந்தாடி ஒட்டி அதை மறைச்சாங்கன்னு ஒரு கதை இன்னைக்கும் உலவுது. படம் பெரிய வெற்றி. இந்தத் தடவை பேரு இருந்துச்சு.

பராசக்தி: வாய்க்கு வந்த அரசியல்

1949 செப்டம்பர் 17ல தி.மு.க. தொடங்கியாச்சு. 1952 முதல் பொதுத்தேர்தல்ல அவங்க நேரடியா போட்டியிடலை. அதே வருஷம் தீபாவளிக்கு, அக்டோபர் 17, ‘பராசக்தி’ ரிலீஸ். டைரக்‌ஷன் கிருஷ்ணன்–பஞ்சு. சிவாஜி கணேசனுக்கு முதல் படம்.

கதை சுருக்கமா இதுதான். ரங்கூன்ல இருந்து தங்கச்சி கல்யாணத்துக்கு வர்ற குணசேகரன் சென்னையில எல்லாத்தையும் பறிகொடுத்து, பைத்தியக்காரன் வேஷம் போடறான். தங்கச்சி கல்யாணி விதவையாகி, கைக்குழந்தையோட இட்லி வித்துப் பிழைக்கறா. கோயில் பூசாரியே அவகிட்ட முறைகேடா நடக்கறான். பசி தாங்காம குழந்தையை ஆத்துல வீசிடறா. அப்புறம் கோர்ட்டு.

அந்தக் கோர்ட்டு சீனோட தந்திரத்தைக் கவனிங்க. மேடைப் பேச்சை அப்படியே சினிமாவுக்குள்ள வச்சா ஜனங்க எழுந்து போயிடுவாங்க. ஆனா குற்றவாளிக் கூண்டுல நிக்கறவன் நீளமா பேசினா யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க, ஏன்னா அது அவன் உயிர்ப் பிரச்சினை. நீதிபதி, வக்கீல், ஜனங்க எல்லாரும் கேட்டே ஆகணும். தியேட்டர்ல இருக்கறவங்களும்தான். கட்சி மேடையைக் கோர்ட்டா மாத்தினார், அவ்வளவுதான். எதுகை மோனை எல்லாம் அலங்காரத்துக்கு மட்டும் இல்லை, மனப்பாடம் ஆகறதுக்கு. வசனம் புத்தகமா வந்து வித்துச்சு, இசைத்தட்டா வந்துச்சு. பசங்க தெருவுல நின்னு சொல்லிக் காட்டினாங்க. அப்படிச் சொல்லிக் காட்டினவங்கள்ல எத்தனையோ பேர் பின்னாடி கட்சி மேடைப் பேச்சாளர் ஆனாங்க.

எதிர்ப்பும் பெருசா வந்தது. படத்தைத் தடை பண்ணணும்னு குரல் எழுந்துச்சு. அப்ப ராஜாஜி முதலமைச்சர். தணிக்கை முடிஞ்ச படத்தைத் திரும்பப் பரிசீலிக்கற அளவுக்குப் போச்சு, ஆனா தடை வரலை. ஒரு பத்திரிகை ‘பரப்பிரம்மம்’னு தலைப்பு வச்சுக் கிண்டல் பண்ணினப்ப, அவர் அதே தலைப்புல ஒரு நாடகமே எழுதி மேடையேத்தினார்.

இப்ப லேபிளைத் திருப்பிப் பாருங்க

இங்கதான் இந்தக் கதையில எனக்கு ஒரு உறுத்தல்.

‘பராசக்தி’யோட மூலக்கதை யாருது? பாவலர் பாலசுந்தரம். அவரோட நாடகம்தான் படமாச்சு. இந்தப் பேரை இப்ப முதல் தடவையா கேக்கறவங்க கை தூக்குங்கன்னா, பாதிக்கு மேல தூக்குவீங்க. 1954ல வந்த ‘மனோகரா’? பம்மல் சம்பந்த முதலியாரோட நாடகம். கருணாநிதி சினிமாவுக்கு வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே மேடையில பேரு வாங்கினது. அதே 1954ல நம்ம கோவை பட்சிராஜா எடுத்த ‘மலைக்கள்ளன்’? நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையோட நாவல். உப்பு சத்தியாகிரகத்துக்குப் பாட்டு எழுதின காந்தியவாதி அவர். அந்த நாவலுக்குத் தி.மு.க.காரர் திரைக்கதை வசனம் எழுதினார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கமும் அதுக்குக் கிடைச்சது.

இவங்க பேரெல்லாம் டைட்டில் கார்டுல இல்லாம போகலை. நம்ம நினைவுல இருந்துதான் போச்சு. ‘அபிமன்யு’வுல ஒருத்தர் பேரு அச்சுல மறைஞ்சது. ‘பராசக்தி’யில இன்னொருத்தர் பேரு, வசனத்தோட புகழ் வெளிச்சத்துல மறைஞ்சது. ரெண்டாவது வகைக்கு முதலாளி மேல பழி போட முடியாது. அதைச் செஞ்சது கைதட்டின நாமதான்.

இதனால கருணாநிதியோட உழைப்பு குறைஞ்சிடாது. அந்த நாடகங்கள் வெறும் கதையா இருந்தா ‘பராசக்தி’ 70 வருஷம் கழிச்சும் பேசப்பட்டிருக்காது. ஆனா ஒரு இயக்கத்தோட குரல் எப்படி ஒரே ஒருத்தரோட குரலா நினைவுல சுருங்குதுன்னு பார்க்க, இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

மேடைக்கு ஒரு பூட்டு

சினிமா இப்படி வளர்றப்ப நாடகத்துக்கு என்ன ஆச்சு? 1876ல பிரிட்டிஷ்காரங்க போட்ட நாடகச் சட்டம் ஏற்கெனவே இருந்துச்சு. சுதந்திரம் வந்த பிறகு, 1954ல சென்னை மாகாணம் தனக்குன்னு ஒரு நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்தது. ஆட்சேபகரமானதுன்னு தோணற நாடகத்தைத் தடுக்க அரசுக்கு அதிகாரம். எம்.ஆர். ராதாவோட நாடகங்களைக் குறிவச்சு வந்த சட்டம்னு பரவலா சொல்வாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, 1967ல நாடகக்காரங்களே ஆட்சிக்கு வந்தாங்க. அண்ணா முதலமைச்சர், 1969ல இருந்து கருணாநிதி. ஆனா சட்டம் அப்படியேதான் இருந்துச்சு. 2013ல எழுத்தாளர், நாடகக்காரர் ஞாநி போட்ட வழக்குல சென்னை உயர் நீதிமன்றம்தான் அதை அரசியல் சாசனத்துக்கு முரணானதுன்னு தள்ளுபடி பண்ணுச்சு. எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும், கையில இருக்கற பூட்டை யாரும் சும்மா தூக்கிப் போட்டுடறதில்லைங்க.

கடைசி வரைக்கும் எழுத்து

1957ல குளித்தலையில ஜெயிச்சு சட்டமன்றத்துக்குப் போனதுக்கு அப்புறமும் அவர் எழுத்தை விடலை. 1964ல ‘பூம்புகார்’. முதலமைச்சரா இருந்தப்பவும் வசனம். மொத்தம் சுமார் 75 படம். 2011ல ‘பொன்னர் சங்கர்’ வந்தப்ப அவருக்கு 86 வயசு. அது நம்ம அண்ணன்மார் கதை. கொங்கு நாட்டுக் கோயில் திருவிழாவுல உடுக்கை அடிச்சு ராத்திரி ராத்திரியா பாடற கதை. அவர் நாவலா எழுதி, அது படமாச்சு. 2015ல டி.வி. சீரியலுக்கு எழுத எடுத்துக்கிட்டது ராமானுஜர் வாழ்க்கை. கடவுள் மறுப்பு இயக்கத்துல வளர்ந்தவர் ஒரு வைணவ ஆச்சாரியாரைப் பத்தி எழுதறார். சாதியைத் தாண்டினவர்ங்கறதுதான் அவருக்கு அங்க பிடி. 2018 ஆகஸ்ட் 7ல காலமானார்.

வசனம் இன்னைக்கு அப்படி எழுத முடியுமா? முடியாது, தேவையும் இல்லை. கேமரா மாறிடுச்சு, காது மாறிடுச்சு. ஆனா சினிமாவுல யார் பேசணும், யார் கூண்டுல நிக்கணும், யார் கேட்டே ஆகணும்ங்கறதை எழுத்தாளர் முடிவு பண்ணலாம்னு காட்டினது அந்தத் தலைமுறை. இன்னைக்கு சாதியைப் பத்தி, நிலத்தைப் பத்திப் படம் எடுக்கறவங்க அந்தக் கோர்ட்டு சீனோட வேற வடிவத்தைத்தான் தேடிட்டு இருக்காங்க.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. இந்த வாரம் எந்தப் பழைய படம் பார்த்தாலும் ‘ஸ்கிப் இன்ட்ரோ’வை அமுக்காதீங்க. கதை, வசனம், பாட்டு, உதவின்னு ஓடற பேர்கள்ல உங்களுக்குத் தெரியாத ஒரு பேரைக் குறிச்சு எங்களுக்கு அனுப்புங்க. அதுல ஒருத்தரை நான் இப்பவே எடுத்துக்கறேன்: உடுமலை நாராயணகவி. நம்ம பூளவாடிக்காரர், ‘வேலைக்காரி’க்கும் ‘பராசக்தி’க்கும் பாட்டு எழுதினவர். அடுத்த எபிசோடு அவரைப் பத்தித்தான். வரட்டுங்களா?