65 வயதில் ஓர் அரங்கேற்றம்

முதியோருக்கு மரியாதை செய்வதில் நாம் குறை வைப்பதில்லை. சாய்மனைக் கதிரையைக் கொடுப்போம்; நல்ல நாளில் காலைத் தொட்டு வணங்குவோம். ஆனால், அந்தக் கதிரையில் இருப்பவருக்கு இன்னமும் ஆசையும் வெட்கமும் பொறாமையும் உண்டென்று யாரேனும் சொன்னால் முகஞ் சுளிப்போம். இந்த முகச்சுளிப்பை மேடையில் வைத்து விசாரித்த ஒரு கலைஞரைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஜேர்மனியில் வூப்பெர்டால் என்றொரு தொழில் நகரம். அங்கே பினா பௌஷ் என்ற நடன நெறியாளர் 1978 டிசெம்பரில் 'கொன்டாக்ட்ஹோஃப்' என்னும் ஆக்கத்தை மேடையேற்றினார். மனிதர் தொடர்பு கொள்ளும் முற்றம் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஒரு பழைய நடன மண்டபம். சுவரோரம் வரிசையாகக் கதிரைகள். 1930களின் மெல்லிசைப் பாடல்கள். ஆண்களும் பெண்களும் முன்னே வந்து பல்லைக் காட்டுவார்கள், கைகளைக் காட்டுவார்கள், சந்தைக்கு வந்த பண்டம் போல. அன்பு தேடி ஒருவரையொருவர் தொடுவார்கள். அந்தத் தொடுகையே சில வேளை துன்புறுத்தலாக மாறும்.

2000 ஆம் ஆண்டில் இதே ஆக்கத்தை 65 வயதைக் கடந்தவர்களைக் கொண்டு அவர் மீண்டும் அரங்கேற்றினார். அவர்கள் தொழில்முறை நடனக்காரர்கள் அல்லர். அந்நகரின் சாதாரண மனிதர்கள். அவர்களுக்காக இலகுவான வேறொன்றை பௌஷ் படைக்கவில்லை என்பதே இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்த செய்தி. அதே மண்டபம், அதே காதலும் பூசலும். இளைஞர் பல்லைக் காட்டியபோது அழகின் பேரமாகத் தெரிந்தது, முதியவர் காட்டியபோது, 'இன்னும் என்னைப் பார்ப்பீர்களா?' என்ற கேள்வியாயிற்று. அந்த ஒத்திகைகளை லிலோ மாங்கெல்ஸ்டோர்ஃப் 2002 இல் விவரணப் படமாக்கினார்.

2008 இல் 14 வயதைக் கடந்த பிள்ளைகளும் இதனை ஆடினார்கள். அடுத்த ஆண்டு பௌஷ் தமது 68 ஆவது வயதில் காலமானார். 2024 இல், 1978 இன் கலைஞர்கள் சிலர், தங்கள் இளமைக் காலப் படச்சுருள் பக்கத்தில் ஓட, அதே ஆக்கத்தை மீண்டும் ஆடினார்கள்.

முதுமைக்கு இரக்கம் காட்டும் கலை எங்கும் உண்டு. முதியவருக்கு முழுமையான ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, அதன் பாரத்தையும் அவரே சுமக்க விட்ட கலை அரிது. நமது மேடைகளிலும் தாத்தா, பாட்டி என்றவுடன் நாம் தேடுவது ஊன்றுகோலையும் இருமலையும் மட்டுந்தானா?