கரீபியன் தீவுகளும் கொஞ்சம் காப்பீட்டு வரலாறும்

சில வருடங்களாக எங்கள் கிளையின் அந்நியச் செலாவணி கவுண்டரில் கேள்விகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் மாட்டுங்கா மாமாக்களும் செம்பூர் மாமிகளும், "நியூ ஜெர்சிக்குப் பையனைப் பார்க்கப் போறோம், எவ்வளவு டாலர் எடுத்துண்டு போகலாம்?" என்று மட்டும் கேட்பார்கள். இப்போது பையன், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக இருவரையும் மயாமியில் கப்பலேற்றி ஜமைக்கா, பஹாமாஸ் என்று சுற்றிக்காட்டுகிறான். சென்ற மாதம் தாராவியில் தோல்பை வியாபாரம் செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், குடும்பத்தோடு டிரினிடாட் போவதாக வந்து நின்றார். கேள்வி ஒன்றுதான்: "டிராவல் இன்சூரன்ஸ் எது சார் சீப்பு?"

கவுண்டரில் நின்றபடி அவருக்குச் சொன்னது கொஞ்சம். வரிசையில் பின்னால் ஆள் நின்றதால் சொல்லாமல் விட்டது நிறைய. விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன். வங்கிக்காரன் பாலிசி விற்க வந்துவிட்டான் என்று பயப்படாதீர்கள், நான் சொல்லப்போவது பெரும்பாலும் வரலாறு.

கரீபியன் கடலுக்கும் காப்பீட்டுக்கும் உள்ள உறவு பழையது. ஆரம்பமே கொடூரமானது. 1781-ல் ஜோங் என்ற லிவர்பூல் முதலாளிகளின் கப்பல், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் போனது. மாலுமிகள் தீவை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டார்கள். குடிதண்ணீர் போதாது என்று காரணம் சொல்லி, சில நாட்களுக்குள் சுமார் 130 பேரை உயிரோடு கடலில் தள்ளினார்கள். லிவர்பூலில் இருந்த முதலாளிகள் செய்த காரியம் என்ன தெரியுமா? தள்ளப்பட்டவர்களுக்குத் தலைக்கு 30 பவுண்டு வீதம் இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டார்கள். சரக்குச் சேதமாம்! நடுவர் குழுவும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1783-ல் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அது நடந்ததற்கான பதிவு எதுவும் கிடைக்கவில்லை. கொலைக் குற்றத்துக்காக யார் மீதும் வழக்கு இல்லை.

இந்த மான்ஸ்பீல்டு பெயர் பி.காம். படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். வணிகச் சட்டத் தாளில் காப்பீடு பாடம் வந்தால் 'அட்மோஸ்ட் குட் ஃபெய்த்' பற்றி ஒரு கேள்வி நிச்சயம். அதன் மூலம் 1766-ல் அவர் கொடுத்த தீர்ப்பு. சுமத்ராவில் பென்கூலன் என்ற ஊரில் ஆங்கிலக் கம்பெனிக்கு ஒரு கோட்டை. எதிரி நாட்டான் பிடித்துவிட்டால் பணம் வேண்டும் என்று அதன் கவர்னர் கார்ட்டர் லண்டனில் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தும்விட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார் என்று காப்பீடு கொடுத்தவர் பணம் தர மறுத்தார். அந்த வழக்கில் கார்ட்டர் ஜெயித்தார். ஆனால் தீர்ப்பில் வந்த கோட்பாடு இன்றுவரை நிற்கிறது: தனக்கு மட்டும் தெரிந்த முக்கியமான விஷயத்தை மறைத்து ஒப்பந்தம் போடக்கூடாது. இந்தக் கடமை பாலிசி கொடுப்பவருக்கும் உண்டு, எடுப்பவருக்கும் உண்டு.

சுமத்ரா கோட்டைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? "ஷுகர் இருக்குன்னு எழுதினா பிரீமியம் ஏறிடும், எழுத வேண்டாம்னு ஏஜென்ட் சொல்றான்" என்று ஒரு மாமி என்னிடம் சொன்னார். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் கிளெய்ம் முழுவதையும் இழக்கும் யோசனை அது. அங்கே டாக்டர் முதலில் கேட்பது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான். அந்தப் பதில் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலான பயண பாலிசிகள் பணம் தருவதில்லை. சில மட்டும் உயிருக்கு ஆபத்தான கட்டத்தில் ஒரு வரம்பு வரை தருகின்றன. அந்த வரம்பு எவ்வளவு என்று மாமி ஏஜென்டிடம் கேட்டிருக்க வேண்டும்.

இனி நம் ஆட்கள் கதை. பிரிட்டிஷ் தீவுகளில் 1834-ல் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. வேறு பெயரில் இழுத்துக்கொண்டிருந்தது 1838-ல் நின்றது. அதே 1838-லேயே விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கின. 1845 மே 30 அன்று ஃபட்டேல் ரசாக் கப்பல் டிரினிடாட் சேர்ந்தது. பிறகு சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. பிரெஞ்சுத் தீவுகளுக்கோ நம் புதுச்சேரியும் காரைக்காலும்தான் வாசல். 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் மார்ட்டினிக் போய்ச் சேர்ந்தது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பில் ஆட்களை இறக்கியது. குவாதலூப்புக்கு மட்டும் மொத்தம் 42,000 பேர் அளவில் போனார்கள். இன்றும் அங்கே மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன.

அந்த ஒப்பந்தத்தை இன்று ஒரு பாலிசியைப் படிப்பதுபோல் படித்துப் பார்த்தேன். ஆச்சரியமாக இருந்தது. ஐந்து வருட வேலை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். கப்பலில் ஒரு டாக்டர். பத்து வருடம் தங்கினால் ஊருக்குத் திரும்பும் கப்பல் செலவு. சிகிச்சை, திரும்பும் வழி என்று இன்றைய டிராவல் பாலிசியில் இருக்கும் முக்கியமான தலைப்புகள் எல்லாமே இருந்தன, காகிதத்தில். கப்பல் டாக்டருக்கான சன்மானம் கணக்கிடப்பட்ட விதத்தையும் பாருங்கள்: உயிரோடு கரையில் இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று. ஜோங் கப்பலில் செத்த தலைக்குக் கிளெய்ம். இங்கே உயிருள்ள தலைக்குச் சன்மானம். கணக்கு திருந்தியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இரண்டிலும் பயணம் செய்தவன் கைக்கு அந்தப் பணத்தில் ஒரு காசு வரவில்லை.

திரும்பும் வழி என்ன ஆயிற்று? மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்தால் நிலம் தருகிறோம் என்று டிரினிடாடில் ஒரு கட்டத்தில் சொன்னார்கள். 1890களில் வந்த விதிப்படி திரும்பும் செலவில் ஒரு பங்கைக் கூலியே கட்ட வேண்டும். கடைசியில் அது ஆண்களுக்குப் பாதி, பெண்களுக்கு மூன்றில் ஒன்று என்று ஆனது. 1917-ல் இந்த ஆள் ஏற்றுமதி நிற்கும்வரை டிரினிடாடுக்கு 1,44,000 பேர் அளவில் போயிருந்தார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. எல்லோரும் ஏமாந்து தங்கியவர்கள் என்று சொல்ல மாட்டேன், நிலம் வாங்கி விரும்பித் தங்கியவர்களும் உண்டு. குவாதலூப்பில் பிறந்த ஹென்றி சிதம்பரம் (பெயரைக் கவனியுங்கள்!) இந்தியர்களின் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கேட்டு 1904-ல் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923-ல்தான் முடிந்தது. இது தங்கிவிட்டவர்களின் கதை. போக முடியாமல் போனவர்களின் கதையை யாரும் இப்படிப் பெயரோடு எழுதி வைக்கவில்லை.

பயணிக்கே, அவன் பெயரிலேயே பாலிசி என்ற யோசனை ரயிலோடு வந்தது. 1849-ல் இங்கிலாந்தில் ரயில்வே பாசஞ்சர்ஸ் அஷ்யூரன்ஸ் என்ற கம்பெனி டிக்கெட்டோடு விபத்துக் காப்பீடும் விற்றது. முதல் வகுப்புப் பயணிக்கு 3 பென்ஸில் 1,000 பவுண்டு, மூன்றாம் வகுப்புக்கு 1 பென்னியில் 200 பவுண்டு. நம் ஐ.ஆர்.சி.டி.சி. 2016-ல் கொண்டுவந்த ஒரு ரூபாய்க்கும் குறைவான காப்பீடு இதன் பேரப்பிள்ளை. அதில் எந்த வகுப்பானாலும் உயிரிழப்புக்கு 10 லட்சம். நாகர்கோவில் வண்டிக்கு டிக்கெட் போடும்போது அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் தாண்டிப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள்!

பம்பாய்க்கு வருவோம். 1919-ல் சர் டோராப்ஜி டாடா இங்கே நியூ இந்தியா அஷ்யூரன்ஸைத் தொடங்கினார். 1973-ல் பொதுக் காப்பீடு தேசியமயமானபோது 107 நிறுவனங்கள் நான்காகச் சுருக்கப்பட்டன. நியூ இந்தியா மும்பையிலும் யுனைடெட் இந்தியா சென்னையிலும் தலைமையகம் கொண்டன. அப்போது டாலர் என்பது அரசாங்கம் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும் மருந்து. வெளிநாட்டில் நெஞ்சுவலி வந்தால் கையில் பணமிருந்தும் பயனில்லை, ரூபாயை யார் வாங்குவார்? இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக 1984-ல் ஓவர்சீஸ் மெடிகிளெய்ம் வந்தது. பிரீமியம் ரூபாயில், ஆஸ்பத்திரி பில் வெளிநாட்டுப் பணத்தில். உள்ளூர் ஆஸ்பத்திரிக்கான மெடிகிளெய்ம் 1986-ல்தான் வந்தது. போரிவலியில் படுத்தவனுக்கு முன்னால் பாஸ்டனில் படுத்தவனுக்கு வழி பிறந்துவிட்டது :-) பாஸ்போர்ட் தொலைந்தால் ஈடு என்பது 1991-ல் சேர்ந்தது. 2004-ல் ரிசர்வ் வங்கி ஆளுக்கு வருடம் 25,000 டாலர் என்று கதவைத் திறந்தது. இன்று அது 2,50,000. டாலர் தட்டுப்பாடு போய்விட்டது. ஆஸ்பத்திரி பில் போகவில்லை.

அந்த ஓவர்சீஸ் மெடிகிளெய்மில் ஏ-1, ஏ-2 என்று திட்டங்கள் உண்டு. ஏ-1 என்றால் அமெரிக்கா, கனடா நீங்கலாக உலகம். ஏ-2 இரண்டையும் சேர்த்து. இன்றைய கம்பெனிகள் வேறு வேறு பெயர் வைத்தாலும் இதே பிரிவு தொடர்கிறது. கரீபியன் போகிறவர்கள் சறுக்கும் இடம் இதுதான். தீவு அமெரிக்கா இல்லையே என்று மலிவான திட்டத்தை எடுப்பார்கள். ஆனால் கப்பல் ஏறுவது மயாமியில். போர்ட்டோ ரிக்கோவும் செயின்ட் தாமஸும் அமெரிக்க மண். சின்னத் தீவில் இதய அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லையென்றால் விமான ஆம்புலன்ஸ் தூக்கிக்கொண்டு போவதும் பெரும்பாலும் மயாமிக்கோ சான் ஹுவானுக்கோதான். பிரெஞ்சுத் தீவுகளில் இன்னொரு சிக்கல்: குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் பகுதிக்குள் வராது. 2004 முதல் ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ பாலிசியைக் காட்டி அங்கே சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பாலிசி அட்டவணையில் எந்தெந்த நாடு என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

அண்ணாச்சியிடம் அழுத்திச் சொன்னதும் இதுதான். பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன்னால், நோயாளியை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் செலவு, ஊருக்குக் கொண்டுவரும் செலவு, (வாயில் வரக்கூடாதுதான், ஆனாலும்) உடலைக் கொண்டுவரும் செலவு என்ற மூன்று வரிகளைத் தேடுங்கள். தொகை தனியாக உண்டா, சிகிச்சைத் தொகைக்குள்ளேயே அடக்கமா, யார் அனுமதி தர வேண்டும் என்று பாருங்கள். டூர் கம்பெனியின் குரூப் பாலிசி என்றால் அட்டவணையில் உங்கள் வீட்டார் ஒவ்வொருவர் பெயரும் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

அடுத்தது புயல். அங்கே புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நம் பிள்ளைகளின் மே மாத விடுமுறை தப்பிக்கும், தீபாவளி விடுமுறை பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். 2004 செப்டம்பரில் இவான் புயல் கிரெனடாவில் அடித்த சேதம் அந்த நாட்டின் ஒரு வருட மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்கு. அதன் பிறகு 2007-ல் கரீபிய நாடுகளே சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கூட்டுக் காப்பீட்டு நிதி வைத்துக்கொண்டன. காற்றின் வேகம் போன்ற அளவுகளை வைத்தே பணம் கணக்காகும்; சேதத்தை எண்ணிக்கொண்டு உட்காராமல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். 2005 ஜூலை 26 அன்று, சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் கொட்டிய நாளில், தண்ணீரில் நடந்து வீடு சேர்ந்த நமக்கு அந்த அவசரம் புரியும். தனிநபர் பாலிசியில் அத்தனை தாராளம் கிடையாது. புயலுக்குப் பெயர் வைத்து டிவியில் காட்டிய பிறகு பாலிசி எடுத்தால், தெரிந்த ஆபத்து என்று கையை விரித்துவிடுவார்கள். டிக்கெட் போட்ட கையோடு எடுத்துவிடுங்கள்.

பயணம் ரத்தானால் பணம் என்ற பிரிவில் காரணங்களின் பட்டியல் ஒன்று இருக்கும். நோய், குடும்பத்தில் மரணம் என்று போகும். பட்டியலில் இல்லாத காரணத்துக்குப் பைசா வராது. 2007 உலகக் கோப்பைக்கு வெஸ்ட் இண்டீஸ் கிளம்பிய மும்பை ரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். மார்ச் 17 அன்று பங்களாதேஷிடமும் 23 அன்று இலங்கையிடமும் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தோற்று முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். அடுத்த சுற்றுகளை நம்பி டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டிருந்தவர்கள் பாலிசியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருப்பார்கள். டோனி இரண்டு ஆட்டத்திலும் முட்டை போட்டது எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் இல்லை.